முற்றிய அடிமரம் அரிய எந்தச் சங்கிலி வாள் ஏற்றது?

அனைவருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானில் மரக்காலை நடத்தி வருகிறேன். அனுமதியுடன் வெட்டப்படும் வேம்பு, புளி, மருது ஆகியவற்றை விழுந்த இடத்திலேயே துண்டாக்கவும், மூன்றடி விட்டமுள்ள அடிமரங்களை நெடுக்காக அரிந்து பலகையாக்கவும் ஒரு பெரிய சங்கிலி வாள் வாங்க வேண்டியுள்ளது. கையிலுள்ள 60 சிசி இயந்திரம் குறுக்கு வெட்டுக்குப் போதும்; முற்றிய புளியில் நெடுக்காக இறக்கினால் சூடேறித் திணறுகிறது.

ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 661, எம்எஸ் 881 ஆகிய இரண்டு சங்கிலி வாள்களையும் பார்த்திருக்கிறேன். முன்னது 91.1 சிசி, 5.4 கிலோவாட், பின்னது 121.6 சிசி, 6.4 கிலோவாட். அலகும் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு) சங்கிலியும் பூட்டாமலே முதலாவது 7.4 கிலோ, இரண்டாவது 9.9 கிலோ என்பதால், நாள் முழுவதும் காட்டுக்குள் சுமப்பவரின் இடுப்பையும் நான் எண்ணிப் பார்க்க வேண்டும். பலகை அரிவதற்கு மட்டும் என்றால் 881 தான் சரியென்று படுகிறது. இரண்டு வேலைக்கும் ஒன்றே போதுமா? 36 அங்குல அலகுடன் 661 ஐ நெடுக்கு அரிவில் பயன்படுத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போர் நடந்த எங்கள் மண்ணில், பட்டை மூடி வளர்ந்த மரங்களுக்குள் எறிகணைச் சிதறல்களும் சன்னங்களும் இன்னும் புதைந்திருக்கின்றன. சங்கிலி அவற்றில் பட்டால் பற்கள் மழுங்குவதோடு, அறுந்தால் இயக்குபவருக்கும் ஆபத்து. அரிவதற்கு முன் உலோகத்தைக் கண்டறிய நீங்கள் எந்தக் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள்? கார்பைடு எனும் மிகக் கடினமான பொருளால் பல் பதித்த சங்கிலி இதற்குத் தாங்குமா? வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உதிரிப்பாகங்கள் தடையின்றிக் கிடைக்கும் இயந்திரம் எதுவென்பதையும் அறியத் தாருங்கள்.