யாரையும் திட்டாத லைன் லீடருக்கு ரிப்போர்ட்ல தப்பு அதிகம் வருது, என்ன பண்ணலாம்?

நைட்ஷிப்ட்_பினாங்கு:
வணக்கம். பாயான் லெப்பாஸ்ல எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரில வேலை, போன வருஷந்தான் லைன் லீடர் ஆனேன். நான் யாரையும் கத்துறதில்ல, சர்க்யூட் போர்டு கெட்டுப்போனா ஆப்பரேட்டரே வந்து சொல்லிடுவாங்க, நானும் எழுதிடுவேன். பக்கத்து லைன்காரரு எல்லார் முன்னாடியும் திட்டுவாரு, ஆனா அவரு ரிப்போர்ட்ல தப்பு கம்மி. இப்ப மேனேஜர் நீ ரொம்ப சாஃப்ட்ங்கிறாரு. எமோஷனல் இன்டெலிஜென்ஸ் (நம்ம மனசையும் அடுத்தவங்க மனசையும் புரிஞ்சு நடந்துக்கிறது) டிரெய்னிங்குக்கு அனுப்புனதும் இதே கம்பெனிதான். லீடருக்கு அது உண்மையிலயே உதவுதா?

வார்டு_சிஸ்டர்_கேஎல்:
தம்பி, எமி எட்மண்ட்சன்னு ஒருத்தவங்க 1990கள்ல ஆஸ்பத்திரியில மருந்து மாத்தி குடுக்குற தப்புகள ஆராய்ச்சி பண்ணாங்க. நல்லா நடக்குற டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு நினைச்சா அங்கதான் அதிகமா பதிவாகியிருந்துச்சு, ஏன்னா அந்த நர்ஸுங்க பயப்படாம சொன்னாங்க, மத்த இடத்துல வெளியவே வரல. 1999ல ஒரு உற்பத்தி கம்பெனில 51 டீம பாத்தும் எழுதுனாங்க, பயமில்லாம பேச முடியுற டீம்தான் தப்புல இருந்து கத்துக்குது, வேலையும் நல்லா வருது. எங்க வார்டுல மறைச்சா நோயாளிக்குத்தான் ஆபத்து, அதனால இத நான் சும்மா சொல்லல.

பட்டர்வொர்த்_அண்ணன்:
சிஸ்டர் சொல்றது சரி, ஆனா திட்டாம இருந்தா மட்டும் போதாது தம்பி. 1990ல சலோவே, மேயர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எமோஷனல் இன்டெலிஜென்ஸுக்கு விளக்கம் எழுதுனப்பவே, நம்ம மனசையும் அடுத்தவங்க மனசையும் கவனிக்கிறதோட நிறுத்தல, அத வச்சு யோசிச்சு நடந்துக்கணும்னும் சேத்துத்தான் சொன்னாங்க, டிரெய்னிங்ல பாதி பேரு அந்த கடைசி பாகத்த விட்டுடுறாங்க. ஒருத்தன் அடிக்கடி எம்சி (மெடிக்கல் லீவு) போடுறான்னா தனியா கூப்பிட்டு வீட்டுல என்ன பிரச்சனைன்னு கேளுங்க, அதுக்கப்புறமும் மாறலன்னா வார்னிங் லெட்டர் குடுத்துத்தான் ஆகணும், அதுவும் தனியாதான், நாலு பேரு முன்னாடி வேணாம். மேனேஜர்கிட்ட வாயால வாதாடாதீங்க. ரெண்டு லைன்லயும் ஃபைனல் டெஸ்ட்ல எவ்ளோ ரிஜெக்ட் ஆகுது, கஸ்டமர்கிட்டருந்து எவ்ளோ திரும்பி வருதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுங்க. லைன்லயே புடிச்ச தப்புக்கு செலவு கம்மி, வெளிய போயிட்டா எவ்ளோ ஆகும்னு அவருக்கே தெரியும்.

நைட்ஷிப்ட்_பினாங்கு:
ரொம்ப நன்றி அண்ணே, சிஸ்டர். தரம் பாக்குற க்யூஏ பிரிவுல அந்த கணக்க கேட்டிருக்கேன். மேனேஜர் பேசுனது லைனுக்கும் தெரிஞ்சிருச்சு, ஒரு அக்கா வந்து இனி சின்ன தப்ப எழுதாம விட்டுறவா, உங்களுக்கு பேரு கெடுதேன்னு கேட்டாங்க. வேணாங்கா, எப்பவும் போல வந்து சொல்லுங்கன்னேன்.