காஃப் தீவின் சுண்டெலிகளும் மரபணு வழியும்: முடிவெடுக்க வேண்டியவர் யார்?

கேள்வி: கடலோடி

அனைவருக்கும் வணக்கம். தென் அட்லாண்டிக் கடலில் பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட காஃப் தீவைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். 19ஆம் நூற்றாண்டில் சீல் வேட்டைக்கு வந்த கப்பல்களிலிருந்து இறங்கிய சுண்டெலிகள் அங்கே வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெருத்துப்போய், கூட்டை விட்டு நகராத, ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவையின் குஞ்சுகளை இரவில் உயிரோடு கொறித்துத் தின்கின்றன. 2021ஆம் ஆண்டின் நடுவில், அங்கே குளிர்காலமாக இருந்தபோது, ஹெலிகாப்டர்களைக் கொண்டு தீவு முழுவதும் புரோடிஃபாகும் என்னும் நஞ்சு கலந்த தானிய உருண்டைகளைத் தூவினார்கள். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் தானியங்கிக் கேமராவில் ஒரு சுண்டெலி பதிவாகி, ஒழிப்பு தோற்றது உறுதியாயிற்று. அடுத்த ஆண்டே, மரபணு மாற்றிய 250 சுண்டெலிகளை விட்டால் 2,00,000 சுண்டெலிகள் கொண்ட தீவையே வெறுமையாக்கலாம் என்று அடிலெய்டு பல்கலைக்கழகத்தார் அறிவித்தார்கள். அந்த வழியைக் காஃபில் ஏன் செய்து பார்க்கக் கூடாது? செய்வதாக இருந்தால் அதைத் தீர்மானிப்பவர் யார்: தீவை ஆளும் அரசா, ஆய்வகமா, நிதி கொடுப்பவரா?

மறுமொழி: மரபியல் மாணவி

முதல் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். 250 என்பது எந்தத் தீவிலும் எண்ணிப் பார்த்த எண் அன்று. அது கணினி மாதிரியிலிருந்து கிடைத்தது. அந்த மாதிரியிலேயே வேலை முடிய ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகின்றன.

சில சுண்டெலிகளுக்கு மட்டும் 17ஆம் குரோமோசோமில் ‘டி-ஹாப்ளோடைப்’ என்றொரு துண்டு இயற்கையாகவே உண்டு. தன்னைச் சுமக்காத விந்தணுக்களின் நீந்தும் திறனை அது கெடுத்துவிடுவதால், தந்தையிடமிருந்து பாதிக் குட்டிகளுக்கே போக வேண்டிய துண்டு நூற்றுக்குச் சுமார் 95 குட்டிகளுக்குப் போய்ச் சேர்கிறது. அடிலெய்டு குழுவினர் இந்தத் துண்டின் மேல், மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் கருவியை ஏற்றி, பெண் சுண்டெலியின் கருவுறு திறனுக்குத் தேவையான புரோலாக்டின் மரபணுவை ஆணின் விந்தணு உருவாகும் கட்டத்திலேயே செயலிழக்கச் செய்தார்கள். இரு பிரதிகளையும் இழந்த பெண் சுண்டெலி மலடாகிறது; ஆண்களோ அந்தத் துண்டைத் தொடர்ந்து பரப்புகின்றன.

ஆய்வகக் கூண்டில் இது நடக்கிறது என்பது வரை தெளிவு. காட்டில் நிலைமை வேறு. ஒரே பெண் பல ஆண்களோடு இணையும்போது, டி-துண்டைச் சுமக்கும் ஆணின் விந்தணுக்கள் போட்டியில் பெரும்பாலும் தோற்றுவிடுகின்றன. காஃப் போன்ற குளிர்த் தீவுகளில் குளிர்காலத்தில் இனப்பெருக்கம் ஏறக்குறைய நின்றுபோவதால், ஓராண்டில் கடக்கும் தலைமுறைகளும் குறைவு. இவ்வளவும் சுண்டெலிக்கு; தீவுகளில் மிகுந்த அழிவை உண்டாக்கும் கருப்பு எலிக்கு இதற்கு இணையான கருவி இன்னும் தயாராகவில்லை.

மறுமொழி: தீவுநோக்கி

இரண்டாம் கேள்விதான் எனக்கு முதன்மையானதாகப் படுகிறது. இந்தத் துறையில் தனித்தனி ஆய்வகங்கள் போட்டியிட்டு ஓடாமல் இருக்கவே ‘ஜிபேர்ட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டமைப்பு உருவானது. ஐலண்ட் கன்சர்வேஷன் என்னும் அமைப்பு, ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ., அடிலெய்டு, வட கரோலினா மாநில, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகங்கள், அமெரிக்க வேளாண்துறையின் வனவிலங்கு ஆய்வு மையம், நியூசிலாந்தின் மனாக்கி வெனுவா ஆய்வு நிறுவனம் ஆகியவை அதில் சேர்ந்தன.

ஆனால் கூட்டாளிகள் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் ஒரே சட்டத்தின் கீழ் இல்லை. அமெரிக்கா உயிரியற் பன்மய உடன்படிக்கையிலேயே உறுப்பு நாடு அன்று. ஆஸ்திரேலியா அதில் உண்டு, உயிரிப் பாதுகாப்புக்கான கார்ட்டஹீனா நெறிமுறையில் இல்லை. நியூசிலாந்து இரண்டிலும் உண்டு. இத்தகைய உயிர்களைப் பற்றி, உயிரியற் பன்மய உடன்படிக்கை நாடுகள் 2018இல் எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக்கில் எடுத்த முடிவும் தடை விதிக்கவில்லை. முன்னெச்சரிக்கையோடு, ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பாதிக்கப்படக்கூடிய மக்களின் ஒப்புதலை அல்லது பங்கேற்பைப் பெற முயன்று செல்லுங்கள் என்றுதான் சொன்னது. போதாததற்கு, ஆய்வுப் பணத்தின் ஒரு பகுதி 2017இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா நிறுவனத்திலிருந்து வந்தது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். இருந்தும், ராணுவப் பணத்தில் உருவான உயிரை உங்கள் தீவில் விடுகிறோம் என்று சொல்லிவிட்டு ஒப்புதல் கேட்பது எளிதன்று.

ஒப்புதல் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு மனிதர் வாழும், ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவைப் பாருங்கள். 1918இல் மகாம்போ என்ற கப்பல் கரைதட்டியபோது எலிகள் அங்கே நுழைந்தன. சில நூறு பேரே வாழும் அந்தத் தீவில் நஞ்சு வைப்பது குறித்துப் பல ஆண்டுகள் ஊரே இரண்டுபட்டு வாதிட்டது. 2019இல் வேலை நடந்தபோது அரிய வுட்ஹென் பறவைகளைப் பிடித்துப் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது. இத்தனைக்கும் புரோடிஃபாகும் பல பத்தாண்டுகளாகப் பழகிய நஞ்சு.

மறுமொழி: வரப்போரம்

நான் இங்கே மாறுபடுகிறேன். தீவில் வாழ்பவரின் ஒப்புதல் மட்டும் போதும் என்பது போல இந்தப் பேச்சு போகிறது. வீட்டுச் சுண்டெலியின் தாயகம் ஈரான் முதல் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கு வரை நீளும் நிலப்பரப்பு. காஃபில் வந்தேறியாக இருப்பது நம் பக்கத்தில் மண்ணின் உயிர். தன்னைத் தானே பரப்பிக்கொள்ளும் மரபணு ஒன்று சரக்குக் கப்பலில் ஏறிவிட்டால், கேட்க வேண்டிய ஒப்புதல் ஒரு தீவினுடையதாக இருக்காது.

இது வீண் பயம் என்று தள்ளிவிட வேண்டாம். முயல்களைக் கொல்லும் கலிசிவைரஸை ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவில் தடைக்காப்பில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோதே, 1995இல் அது தப்பிப் பெருநிலத்தை அடைந்தது. 1997இல் நியூசிலாந்தில் அரசு அனுமதி மறுத்த அதே வைரஸ் சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டு, விவசாயிகளாலேயே பரப்பப்பட்டது. கிரிஸ்பர் கொண்டு ஒரு மரபணுவைத் தானே பரவச் செய்யும் ‘ஜீன் டிரைவ்’ முறையை முன்மொழிந்தவர்களில் ஒருவரான கெவின் எஸ்வெல்ட்டே, நீல் கெம்மலுடன் சேர்ந்து 2017இல், கட்டின்றிப் பரவும் வடிவத்தை இயற்கைப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதினார்.

மறுமொழி: மரபியல் மாணவி

வரப்போரம் சொல்வதை மறுக்க மாட்டேன். அதனால்தான் தீவோடு நின்றுவிடும் வடிவங்களைத் தேடுகிறார்கள். ஒரு தீவின் எல்லாச் சுண்டெலிகளிடமும் இருந்து, வெளியே பெரும்பாலானவற்றில் இல்லாத ஒரு டி.என்.ஏ. வரிசையைக் கண்டுபிடித்து, அதை மட்டுமே வெட்டும்படி கருவியை அமைப்பது ஒரு வழி. கருவி வெளியே போனாலும் வெட்ட இடமின்றி அடங்கிவிடும். இதற்குத் தீவின் சுண்டெலிகளையும், அங்கே கப்பல் புறப்படும் துறைமுகங்களின் சுண்டெலிகளையும் ஒப்பிட்டுப் படித்த தரவு வேண்டும். ஒருங்கிணைப்பு மிகவும் தேவைப்படும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்: கடலோடி

நன்றி. அப்படியானால் இருபது ஆண்டுகள் ஆல்பட்ராஸ் என்ன செய்யும்? டிரிஸ்டன் ஆல்பட்ராஸ் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரே முட்டை இடும் பறவை அல்லவா?

மறுமொழி: தீவுநோக்கி

காத்திருக்க முடியாது, அதனால் அருகில் தெரியும் வழி இன்றும் நஞ்சுதான். தென்னாப்பிரிக்காவின் மரியான் தீவுக்கும் ஹெலிகாப்டரிலிருந்து நஞ்சு தூவவே திட்டமிட்டிருக்கிறார்கள். ஆனால் மாணவி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இது என் ஊகம் மட்டுமே. காஃபில் 2021க்குப் பின் பெருகியவை, தப்பிப் பிழைத்த மிகச் சிலவற்றின் வழித்தோன்றல்களாக இருந்தால், அவற்றின் மரபணு வேறுபாடு குறுகியிருக்கும். தீவுக்கே உரிய வரிசை அங்கே கிடைக்கும் வாய்ப்பும் முன்னைவிடக் கூடியிருக்கும். ஆகவே அடுத்த முறை நஞ்சு தூவப் போகும் குழு, அதற்கு முன்பு சில நூறு சுண்டெலிகளின் வால் நுனியைச் சாராயத்தில் போட்டுப் பாதுகாத்து வைப்பது நல்லது. அதற்குச் செலவும் அதிகமில்லை.