சர்க்கரையை மறைக்கச் சொன்னவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கல்லிடைக்குறிச்சிக்காரி:
எனக்கு முதல் வகைச் சர்க்கரை நோய், பள்ளி நாளிலிருந்தே. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு. இலை போட்டாயிற்று. கூடத்து மூலையில் திரும்பி நின்று இன்சுலின் பேனாவின் மூடியைக் கழற்றினேன். பெரியம்மை ஓடிவந்து என் கையின்மேல் முந்தானையைப் போட்டு மூடினாள். "ஏளா, உள்ளே வை. சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்கள். நாளைக்கு உன் தங்கையை யார் பெண் கேட்டு வருவார்கள்?" பேனாவைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். சோறும் தேங்காய்ப்பாலும் உருளைக்கிழங்குமாக இலை நிறைந்துவிட்டது. பந்தியிலிருந்து எழவும் விடவில்லை. இரவு ரத்தச் சர்க்கரை 400-ஐத் தாண்டியது. நாக்கு வறண்டு, தலை தூக்க முடியாமல் கிடந்தேன். வியர்வையில் நனைந்த அந்த முந்தானை இன்னும் கையில் ஒட்டியிருப்பது போலவே இருக்கிறது.

தென்காசி மகன்:
எங்கள் வீட்டில் அம்மாவின் சர்க்கரை மாத்திரை கடுகு டப்பாவில்தான் இருக்கும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் வந்த பிறகு வாசலுக்கே மாத்திரை வருகிறது அல்லவா? மாத்திரை கொண்டுவந்த பெண் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். எதிர்வீட்டு மதினி கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "இங்கே யாருக்கும் சர்க்கரை கிடையாது" என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாள். அவள் காலில் புண் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பாளையங்கோட்டை ஆசிரியர்:
ஆசிரியர் அறையில் அல்வாப் பொட்டலம் என்னை மட்டும் தாண்டிப் போனது. என் கதை அவ்வளவுதான். ஆனால் சகோதரி, பெரியம்மையின் மேல் கோபம் வேண்டாம். வரன் தட்டிப்போகுமே என்ற பயம் அவருக்கு. பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். முதல் வகை இனிப்புத் தின்று வருவதல்ல. உடலின் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. ஊசி தவறினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து. மனம் நொந்தாலும் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரந்து, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும்; பட்டினி கிடந்தாலும் எண் ஏறும். அதைப் பார்த்து மனம் இன்னும் நோகும். தூக்கம் கெட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம்தான், பேசுங்கள். தென்காசித் தம்பி, அம்மாவைத் திட்டாமல் கூடப் போய் மாத்திரை வாங்கிக் கொடுங்கள். மருத்துவரிடம் யாரும் எதையும் மறைக்கக் கூடாது. எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தால் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கும் தெரிந்துவிடும்.

கல்லிடைக்குறிச்சிக்காரி:
பெரியம்மைக்கு இதையெல்லாம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று, ஐயா. தெரியாமல் அவள் மூடவில்லை. மருத்துவரிடமும் நான் எதையும் மறைக்கவில்லை. அந்த வாரம் சோதனைச் சீட்டைப் பார்த்ததும் அவர் கேட்டது, "கல்யாண வீட்டில் என்னென்ன தின்றாய்?" ஊசி போட விட்டார்களா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.