கடலுக்குப் போகிறவனும் 80-லேயே நிறுத்த வேண்டுமா?

மண்டபம் வல்லம்:
போன் வாங்கி 14 மாதம்தான் ஆகிறது, அதற்குள் பேட்டரி உப்பிப் பின்மூடி எழும்பிவிட்டது. மாற்றிக் கொடுத்த கடையில், 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போடாதே, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். நான் சாயங்காலம் வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், ஏறினால் விடிந்துதான் கரை. 80-ல் கழற்றிக்கொண்டு போய், நடுக்கடலில் இன்ஜின் நின்று, ஆளைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் போன் செத்துக் கிடந்தால் என்ன செய்வது? நான் 100 தான் போடுவேன். தப்பென்றால் காரணத்தோடு சொல்லுங்கள்.

கீழக்கரை மொபைல் கடை:
தம்பி, 11 வருடமாகப் போனைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் உப்பி வருகிறவற்றில் பெரும்பாலும் ராப்பகலாகச் சார்ஜரிலேயே கிடந்தவைதான். லித்தியம் அயன் பேட்டரி நிறையும்போது அதன் அழுத்தம் 4.2 வோல்ட் வரை போகும், இப்போது வருகிற பல போன்களில் 4.4-ஐயும் தாண்டும். அந்த உச்சியிலேயே வைத்திருந்தால் உள்ளே இருக்கும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவாகும், வாயு வெளியேற வழி கிடையாது, அதனால்தான் உப்புகிறது. 100 ஆனதும் போன் தானே நிறுத்திக்கொள்ளும் என்பார்கள், உண்மைதான், ஆனால் சற்று இறங்கியதும் மறுபடி ஏற்றும். இதெல்லாம் சும்மா சொல்வதில்லை. 2023-ல் வந்த ஐபோன் 15-ல் 80-லேயே நிறுத்திக்கொள்ளும் வசதியை அவர்களே வைத்தார்கள்.

ஏர்வாடி பழைய கை:
நாங்களெல்லாம் போன் அணைகிற வரைக்கும் ஓட்டிவிட்டு, அப்புறம் முழுசாக ஏற்றித்தான் பழக்கம். பாதியில் போட்டால் பேட்டரி அந்தப் பாதியையே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

தொண்டி வாத்தியார்:
அண்ணே, அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. லித்தியத்துக்கு அந்த ஞாபகம் கிடையாது, பூச்சியம் வரை இறக்குவதுதான் அதற்குக் கேடு. மண்டபம் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். சார்ஜ் போடும்போது போன் எங்கே இருக்கும்?

மண்டபம் வல்லம்:
வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே அலமாரி மேல், மதியம் தூங்கும்போது. கடலில் என்றால் வல்லத்து 12 வோல்ட் பேட்டரியில் வயரைப் போட்டு இன்ஜின் பெட்டி மேல் வைத்துவிடுவேன், நனையாமல் இருக்குமே என்று.

தொண்டி வாத்தியார்:
அதைத்தான் எதிர்பார்த்தேன். கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, ஆனால் நம் ஊரில் முதல் எதிரி சூடு, சதவீதம் அடுத்ததுதான். 35 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் பயன்படுத்தாதீர்கள் என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே 35 எப்போதோ தாண்டிவிடும், சார்ஜ் ஏறும்போது போனும் தன் பங்குக்குச் சுடும். இன்ஜின் பெட்டி மேல் வைத்தால் கேட்கவே வேண்டாம். நீ 80-ல் நிறுத்தியிருந்தாலும் அந்த பேட்டரி உப்பியிருக்கும்.

கீழக்கரை மொபைல் கடை:
வாத்தியார், இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏசி அறையில் இருந்து வந்த போனும் உப்பித்தான் வருகிறது. சூட்டைக் குறைப்பது அவன் கையில் இல்லை, நம்மூர் வெயிலை யார் குறைப்பது? 80-ல் கழற்றுவது அவன் கையில் இருக்கிறது.

தொண்டி வாத்தியார்:
நிழல் அவன் கையில் இருக்கிறதே. முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால்தான் பெரிய சேதம், ஒன்றைப் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. கடலில் உயிருக்கு 100 வேண்டும், அதை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மதியமே 100 ஏற்றி ஐந்து மணி நேரம் வெயிலில் கிடத்துவது எதற்கு? கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போடட்டும். இன்னொன்று, டவர் மங்கினால் போன் அதைத் தேடித் தேடியே சார்ஜைக் குடித்துவிடும், தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை டவரையும் பிடிக்கும். பேச்சு இல்லாத நேரம் ஏரோப்ளேன் மோடில் போடு தம்பி. ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும்.

பாம்பன் விசைப்படகு:
எங்கள் அனுபவம் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். படகுக்கென்று வைத்திருக்கும் போனைச் சார்ஜ் தீர்ந்தபடியே பெட்டியில் போட்டுவிட்டோம். ஜூனில் எடுத்தால் உயிரே வரவில்லை.

கீழக்கரை மொபைல் கடை:
பூச்சியத்தில் வைத்திருக்கிறீர்கள், சும்மா கிடந்தாலும் இன்னும் இறங்கும். பாதி ஏற்றி, அணைத்து, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அப்புறம் எல்லோருக்கும்: உப்புத்தண்ணி பட்ட போனைத் துடைத்த கையோடு சார்ஜில் போடாதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் போனால் வயர் சொருகும் இடத்தில் இருக்கும் பின்னெல்லாம் அரித்துப் பச்சை பூத்துவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளியே துடைத்து, காற்றில் நன்றாகக் காயவிட்டுத்தான் வயர்.

மண்டபம் வல்லம்:
சரி கடைக்காரக் காக்கா (அண்ணே), கரையில் இருக்கிற நாளில் 80-ல் நிறுத்துகிறேன், அதில் எனக்கு நஷ்டமில்லை. தொழிலுக்குப் போகிற அன்று 100 தான், அதை மாற்ற மாட்டேன். இன்ஜின் பெட்டியை விட்டுவிட்டேன். வல்லத்து முன்பக்கம், அணியத்தில், நிழலில் மூடி போட்ட டப்பா ஒன்று கட்டியிருக்கிறேன், பவர் பேங்கும் அதற்குள்தான்.

கீழக்கரை மொபைல் கடை:
டப்பாவுக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றாதே தம்பி, சூடு அடைந்துவிடும். மூடியைத் திறந்து வை.