கறுவா இலை எண்ணெய்ப் பால்மம்: எண்ணெய் மேல வராமல் அடியில நிக்குது, ஏன்?

வெள்ளவத்தைக் கறுவா:
அடுப்படி மேசை துடைக்க ஒரு தெளிப்பான் செய்து பாக்கிறன். கறுவா இலை எண்ணெய் புறக்கோட்டையில வாங்கினது. கைற்றோசானை (இறால், நண்டு ஓட்டில இருந்து எடுக்கிற பொருள்) 1% அசற்றிக் அமிலத்தில, அதுதான் வினாகிரி அமிலத்தில, கரைச்சு, அது சின்னத் துணிக்கையாத் திரளட்டும் எண்டு சோடியம் ட்ரைபொலிபொஸ்பேற் உப்பைச் சொட்டுச் சொட்டா விட்டன். கரைசல் மெல்ல நீலம் பாஞ்சு மங்கிச்சு. நனோ துணிக்கை வந்திட்டுது எண்டு ஒரே புளுகம். எண்ணெய் 10% விட்டு அடிச்சன், எண்ணெய் சின்னத் துளியாத் தண்ணியில பரவிப் பால் மாதிரி வந்தது. மூண்டாம் நாள் காலமை பாத்தால் போத்தல் அடியில மஞ்சளா எண்ணெய்! வாசிச்ச இடமெல்லாம் எண்ணெய் மிதக்கும் எண்டுதானே கிடக்கு? வினாகிரி மணம் போகட்டும் எண்டு அடுத்த போத்தலுக்கு அப்பச்சோடா போட்டன், அது திரிதிரியாப் போச்சு. ட்வீன் 80 (எண்ணெயையும் தண்ணியையும் சேர்த்து வைக்கிற சவர்க்காரம் மாதிரிப் பொருள்) போடச் சொல்லாதையுங்கோ. அது வேண்டாம், துணிக்கையே எண்ணெயைப் பிடிச்சு வைக்கட்டும் எண்டுதான் இவ்வளவு பாடும்.

சோடாமூடி:
பிளாஸ்ரிக் கப்பில அளந்தீங்களோ? கறுவா இலை எண்ணெயில இருக்கிற யூஜினோல் பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக்கை இளக்கிப்போடும். என்ர கப் ஒண்டு மேசையோட ஒட்டினது. கண்ணாடிதான் சரி.

பழைய ஆய்வுகூடம்:
தங்கச்சி, உங்கட எண்ணெய் தண்ணியை விடப் பாரம். பெரும்பங்கு யூஜினோல், அடர்த்தி 1.04 அளவில. ஒரு சொட்டைத் தண்ணியில விட்டுப் பாருங்கோ, தாழும். மிதக்கிற கதை சித்திரனெல்லா மாதிரி எண்ணெய்களுக்கு.

திரிஞ்சதுக்குக் காரணம் சோடா. பிஎச் (புளிப்பைக் காட்டுற அளவு, புளிப்புக் குறையக் கூடும்) 6.5ஐ நெருங்க கைற்றோசான் நேரேற்றத்தை இழந்து ஒண்டோடொண்டு ஒட்டும். 4, 5க்குள்ள வைச்சிருங்கோ, மணத்தைச் சகிக்கத்தான் வேணும்.

ஆனால் பெரிய பிழை வேற. துணிக்கை எண்ணெய்க்கும் தண்ணிக்கும் நடுவில குந்த வேணுமெண்டால் ரெண்டும் அதை நனைக்க வேணும். அப்பிடிக் குந்தினால் சவர்க்கார மூலக்கூறு மாதிரி வந்து போகாது, கிளப்பி எடுக்கிறது லேசில்லை. உங்கட கைற்றோசான் துணிக்கைக்குத் தண்ணியிலதான் ஆசை கூட. சோளத்தில வாற ஸீன் புரதத்தை 80% எதனோலில கரைச்சு, கைற்றோசான் கரைசலுக்க கலக்கிக் கலக்கி விடுங்கோ. ஸீன் எண்ணெய்ப் பக்கம் இழுக்கும், கைற்றோசான் தண்ணிப் பக்கம்.

இன்னொண்டு: யூஜினோல் ஒரு லீற்றர் தண்ணியில 2 கிராமுக்கு மேல கரையும். அதால சின்னத் துளியில இருக்கிறது கரைஞ்சு பெரிய துளிக்குப் போய்ச் சேரும். மூண்டில ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் கலந்தால் அந்தப் போக்கு அடங்கும், பாரமும் தண்ணிக்குச் சமனா வரும்.

வெள்ளவத்தைக் கறுவா:
அண்ணை, சொட்டு தாழ்ந்தது! ஸீன் தேடிப் பிடிக்க ரெண்டு கிழமை போச்சு. செய்து பத்து நாள், அடியிலயும் இல்லை, மேலயும் இல்லை. பத்திரமா இருக்கட்டும் எண்டு ஒரு போத்தலை குளிர்சாதனப் பெட்டியில வைச்சன், அது மட்டும் கட்டிகட்டியா உடைஞ்சிட்டுது.

பழைய ஆய்வுகூடம்:
தேங்காய் எண்ணெய் 24 பாகையில உறையத் தொடங்கும். பளிங்கு துளியைக் குத்திக் கிழிச்சிருக்கும். கொழும்பு வெக்கையில வெளியில, நிழலில விடுங்கோ.