புதுப்பிப்பு: சூடேறாத இன்ஜின், காரணம் கிடைத்துவிட்டது

ஹைவேயில் போனால் டெம்பரேச்சர் முள் கால்வாசிக்கு இறங்கிவிடுகிறது, ஹீட்டரில் வெதுவெதுப்பாகத்தான் காற்று வருகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். கூலன்ட்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டை அளக்கும் சென்சார்தான் கெட்டிருக்கிறது என்று பலர் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், சென்சார் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். கூலன்ட் 24 டிகிரி, உள்ளே இழுக்கும் காற்று 25. ஆறிய இன்ஜினில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். சரி, சென்சார் பொய் சொல்லவில்லை. ரேடியேட்டர் ஃபேனும் தேவையில்லாமல் ஓடவில்லை.

அப்புறம் ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்ஜின் சூடாகும்வரை தெர்மோஸ்டாட் என்ற வால்வு மூடியிருந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாது, அதனால் அந்த ஹோஸ் குளிர்ந்தே இருக்க வேண்டும். இரண்டே நிமிடத்தில் கை சுட ஆரம்பித்தது. ஸ்கேனரில் அப்போது 45தான்.

இன்ஜின் நன்றாக ஆறியபிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வால்வு ஓரத்தில் பிறை மாதிரி ஒரு இடைவெளி. ஸ்பிரிங் சோர்ந்து, மூடவே இல்லை. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறது, மைலேஜ் போன கதை அதுதான்.

புதியது 88 டிகிரியில் திறப்பது. கூலன்ட் நிரப்பி, உள்ளே சிக்கிய ஏரையும் எடுத்தாயிற்று. இப்போது ஹைவேயிலும் 90ஐ விட்டு அசையவில்லை. புது சென்சார் ஒன்று வீணாக வாங்கி வைத்திருக்கிறேன், அது வேறு!