1/350 வர்யாக்: நிறம், புகைபோக்கி, ரிக்கிங் சந்தேகங்கள்

நங்கூரம்:
ஸ்வெஸ்டா நிறுவனத்தின் 1/350 அளவு வர்யாக் (ரஷ்யப் போர்க்கப்பல்) பிளாஸ்டிக் மாடல் கிட். 1904 பிப்ரவரி 9, கொரியாவின் செமுல்போ துறைமுகத்தருகே ஜப்பானியருடன் நடந்த சண்டை நாளின் தோற்றம் வேண்டும். உடல் வெள்ளையா, சாம்பலா? நான்கு புகைபோக்கியும் கோணாமல் ஒரே வரிசையில் நிற்க என்ன வழி? ரிக்கிங் (மாஸ்டைப் பிடிக்கும் கயிறுகள்) இழுத்தால் பிளாஸ்டிக் மாஸ்ட் (கப்பலின் கம்பம்) வளைகிறதே, என்ன செய்யலாம்?

மேல்தளம்:
வெள்ளை அமைதிக்கால நிறம். செமுல்போவுக்கு அடர்ந்த போர் நிறம்தான். அது ஆலிவா, பச்சை கலந்த சாம்பலா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. எதை எடுத்தாலும் சில சொட்டு வெளிர்சாம்பல் கலந்து வெளிறவிடுங்கள். 37 செ.மீ. கப்பலில் அசல் அடர்த்தி கறுப்பாகத் தெரியும்.

152 மி.மீ. பீரங்கிகள் 12. எதற்கும் கவசத்தகடு கிடையாது. அன்று பீரங்கிக்காரர்கள் அவ்வளவு பேர் விழ அதுவும் காரணம். மூழ்கிய கப்பலை ஜப்பானியர் மீட்டு ‘சோயா’ என்று பெயர் மாற்றிய பிறகு எடுத்த படங்களை நம்பி எதையும் ஒட்டாதீர்கள்.

உப்புத்தாள்:
புகைபோக்கியில் ஒட்டுக்கோடுதான் தலைவலி. திரவப் பசை தடவி, உருகிய பிளாஸ்டிக் லேசாகப் பிதுங்கும்வரை அழுத்தி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் பின்னால் அந்த இடம் சுருங்கிப் பள்ளமாகும். 400 நம்பர் உப்புத்தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, குழாயைச் சுற்றி இருபுறமும் மாறிமாறி இழுங்கள், பிறகு 800. தட்டையாகத் தேய்த்தால் உருண்டை போய்த் தட்டையான முகம் விழும், பெயின்ட் அடித்ததும் காட்டிக்கொடுக்கும்.

பெயின்ட் அடித்த பிறகே பொருத்துங்கள், ஆனால் அடியில் சுரண்டிவிடவும்: பெயின்ட்மேல் பசை பிடிக்காது. முதலில் 1, 4-ஆம் புகைபோக்கிகள். அவற்றின் உச்சியில் இரும்பு ஸ்கேலை வைத்து 2, 3-ஐ நேராக்குங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம், திருத்த நேரம் தராது.

ரிக்கிங்_ராசா:
மாஸ்டை 0.8 அல்லது 1 மி.மீ. பித்தளைக் கம்பியாக மாற்றுங்கள். தளத்தை மூடும் முன்பே உள்ளே ஒரு பிளாஸ்டிக் கட்டை ஒட்டி, கம்பி அதில் இறங்கும்படி துளையிடவும். தளத்தின் கனம் மட்டும் தாங்காது.

25 மி.மீ. கயிறு இந்த அளவில் 0.07 மி.மீ. தையல் நூல் வடம் மாதிரி இருக்கும். ஸ்ப்ரூவை (கிட்டின் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) சூடாக்கி இழுத்த இழையே போதும். இரு முனையையும் ஊசிமுனையளவு பசைச் சொட்டால் ஒட்டி, காய்ந்ததும் கனலும் ஊதுபத்தியை அருகே கொண்டுபோனால் தொய்வு இறுகும். தொட்டால் அறுந்துவிடும். மாஸ்ட் ஒருபக்கம் சாயாமலிருக்க, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாற்றிக் கட்டுங்கள்.